சாமி கொடுத்த காசுக்கும் வாசி உண்டு

(காரைக்குடியில் நிகழ்ந்த தொடர் சொற்பொழிவின் ஒரு பகுதி)

பின்னால் கேட்கிறதா? சரி. முன்வரிசை ஆச்சிமார் கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் எனக்கும் கேட்கும்.

நேற்று ஓர் அன்பர் கேட்டார். “பக்தி சொல்ல வந்தவர் எதற்கு வட்டி, முதல் என்று பேசுகிறீர்கள்?” நானா பேசினேன்? சேக்கிழார் பேசினார். சோழனுக்கு அமைச்சராக இருந்தவர், வரவு செலவு அறிந்தவர். அதனால்தான் பெரியபுராணத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு கடை இருக்கும், ஒரு தராசு இருக்கும். அமர்நீதியார் தராசுத் தட்டில் எதை வைத்தார்? தெரியும் உங்களுக்கு. சுந்தரர் விஷயத்தில், பொன் கொடுத்தவர் பரமசிவன், உரைத்துப் பார்த்தது பிள்ளையார்! அப்பா கொடுத்த பொன்னுக்கு மகன் மாற்றுப் பார்க்கிறார். திருவாரூரில் இன்றைக்கும் மாற்றுரைத்த பிள்ளையார் இருக்கிறார், போனால் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

திருவீழிமிழலைக்கு வருகிறேன். பஞ்சம். மழை இல்லை, நெல் இல்லை. அப்பரும் சம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு அங்கே இருக்கிறார்கள். கனவில் வந்து சுவாமி சொல்கிறார், பஞ்சம் தீரும் மட்டும் ஆளுக்கு நாள்தோறும் ஒரு காசு தருகிறேன் என்று. மறுநாள் காலையில் கிழக்குப் பீடத்தில் ஒரு காசு, மேற்குப் பீடத்தில் ஒரு காசு. சுவாமி நெல்லாகவே கொட்டியிருக்கலாம் இல்லையா? சுந்தரருக்குக் குண்டையூரில் கொட்டினாரே! இங்கே காசாகக் கொடுக்கிறார். கடைக்குப் போ, வாங்கு, ஆக்கு, பத்துப் பேருக்குப் போடு என்கிறார்.

இரண்டு மடத்திலும் சமையல். அப்பர் மடத்தில் வேளைக்குப் பந்தி. சம்பந்தர் மடத்தில் தாமதம். பிள்ளை கேட்கிறார், “ஏன் நேரமாகிறது?” பரிசனங்கள் சொல்கிறார்கள், “சுவாமி, நம் காசுக்குக் கடையில் வாசி கேட்கிறார்கள். காசின் மதிப்பில் வட்டம் கழித்துத்தான் சாமான் தருகிறார்கள். அவர் காசுக்கு அப்படி இல்லை.”

எப்படி இருக்கிறது பாருங்கள்! கொடுத்தது யார்? கயிலாசநாதன். வாங்கினது யார்? ஞானப்பால் உண்ட பிள்ளை. கடைக்காரர் அசைந்தாரா? “சாமி கொடுத்த காசா? இருக்கட்டும். வட்டம் இவ்வளவு!” (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். இந்த ஊரில் இதற்குச் சிரிக்காமல் எந்த ஊரில் சிரிப்பது!

அப்பர் காசுக்கு ஏன் வாசி இல்லை? அவர் உழவாரப்படை பிடித்தார். புல் செதுக்கினார், பிராகாரம் பெருக்கினார். கைத்தொண்டு செய்தவர் காசு முழுக்காசு. சம்பந்தர் பிறகு பாடினார், நல்ல காசு வந்தது, பஞ்சமும் தீர்ந்தது. அது வேறு. நீங்கள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உழைத்தவன் காசுக்கு வாசி கிடையாது. மறுபடி சொல்கிறேன். பீடம் இரண்டு, கொடுத்தவர் ஒருவர்தான், உழைத்தவன் காசுக்கு வாசி கிடையாது.

இதைத் தஞ்சாவூருக்குக் கொண்டு போகலாம். பெரிய கோயில் விமானத்துக்கு 1010-ல் ராஜராஜன் கலசம் கொடுத்தான். சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. சுவரைப் படித்திருக்கிறீர்களா? சுவர் முழுக்கக் கணக்கு. கோயில் காசைக் கிராமச் சபைகளுக்குக் கொடுக்கிறார்கள். வருஷத்துக்கு எட்டில் ஒரு பங்கு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டியில் பூசை. நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடு. ஆட்டை இடையர் வாங்கிக்கொண்டு நாளுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டு அதைச் சாவா மூவாப் பேராடு என்கிறது. ஆடு சாகாதா? சாகும். கணக்கில் சாகாது! சந்நிதியில் ஒரு விளக்கு எரிய, முல்லை நிலத்தில் ஓர் இடையருக்கு மந்தை கிடைத்தது. அது பக்தி செய்த பொருளாதாரம். ஆடு செத்தாலும் நெய் குறையக்கூடாது என்பது அந்த இடையர் தலையில் விழுந்த பாரம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் காலத்தில் பதினைந்து படுக்கையோடு ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, இருந்தது. பள்ளிக்கூடமும் இருந்தது. உண்டியல் மட்டும்தான் கோயில் என்று நினைக்காதீர்கள்.

இப்போது நகரத்தாராகிய உங்களிடம் வருகிறேன். கோபிக்கக் கூடாது. நகரக்கோயில் ஒன்பது. இளையாற்றங்குடி தொடங்கிச் சொல்லுங்கள்... சபாஷ், அந்தப் பையன் மட்டும் சொல்கிறான், பெரியவர்கள் உதட்டை அசைக்கிறார்கள். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்பார்களா? “லாபம்” என்பார்கள். கணக்கில் முதலில் பிள்ளையார் சுழி, லாபத்தில் சாமிக்கு மகமை. கப்பல் ஏறினால் கூடவே தண்டாயுதபாணியும் ஏறினார். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-ல் கோயில் எழுந்துவிட்டது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். முருகன் சந்நிதியில் வட்டி விகிதம்! ஒரே சந்நிதியில் நிற்கிறவன் வார்த்தை மாற மாட்டான் என்கிற நம்பிக்கைதான் ஜாமீன். எந்த வங்கிக்கு அந்த ஜாமீன் கிடைக்கும்?

பாதியில் நிறுத்தினால் உங்களுக்கு இனிக்கும். நிறுத்த மாட்டேன். 1930-ல் நெல் விலை விழுந்தது. நம்மவரிடம் கடன் வாங்கிய பர்மியக் குடியானவனால் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் அப்போது நூற்றுக்கு ஆறு, 1937-ல் இருபத்தைந்து. நம் ஆட்கள் நிலம் கேட்கவில்லை, காசைத்தான் கேட்டார்கள், உண்மை. ஆனால் உழுதவன் நிலம் போயிற்று, அதுவும் உண்மை. அந்தக் காசுக்கு வாசி உண்டா இல்லையா? வீழிமிழலைக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பிறகு யுத்தம் வந்தது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். அதற்கு மேல் நான் பேசவில்லை. இங்கே வயசானவர்கள் இருக்கிறார்கள்.

காசும் பக்தியை வளைக்கும். அட்சய திருதியை தானம் கொடுக்கிற நாள். தண்ணீர்ப் பந்தல் வை, தயிர்சாதம் கொடு. இப்போது? நகைக்கடை வாசலில் வரிசை! சாஸ்திரம் கொடு என்கிறது, விளம்பரம் வாங்கு என்கிறது, நாம் விளம்பரத்தைச் சாஸ்திரம் என்கிறோம். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆச்சி முறைக்கிறார்கள். வாங்கின அன்றைக்கு ஒரு குடம் மோராவது கொடுங்கள்.

மணி ஆகிவிட்டது. விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். பந்தல் போட்டவர்கள், பாத்திரம் தேய்க்கிற பெண்கள், நாதசுரக்காரர்கள் எல்லாருக்கும் வசூல் கணக்கு முடியட்டும் என்று காக்க வைக்காதீர்கள். கூலியை இன்று ராத்திரியே, வட்டம் கழிக்காமல் கொடுத்துவிடுங்கள். என் சன்மானம் நாளைக்கு வரட்டும்.