குடியுரிமைக்கு விலை யாது?

கரிபியக் கடலிலுள்ள செயிண்ட் கிட்ஸ்–நெவிஸ் என்னும் சிறு தீவு நாடு, 1984 முதல் பெருந்தொகை முதலிடுவோர்க்குக் குடியுரிமை வழங்கி வருகின்றது. அம்மண்ணில் வாழாத செல்வரும் அதன் பாஸ்போர்ட்டைப் பெற்றுள்ளனர்.

இங்கே மூவார் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மார், பொருளுக்குப் பதில் ஆயுளையே இம்மண்ணில் இட்டனர். எனினும், குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென 1969-இல் விதி வந்தபோது, மலேசியத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கப்பலேற நேர்ந்தது.

பாஸ்போர்ட் வாங்கும் செல்வரை நாம் பழிக்கவில்லை. உலகில் பணத்துக்குத் திறக்கும் கதவு உழைப்புக்கு அடைபடுவது அறமாகுமா என்றே கேட்கின்றோம். உழைத்து வாழ்ந்தோர்க்கே நாடு உரியது. ஆயினும் அவ்வுரிமைக்குச் சான்று காகிதமே யாதலின், தோழர்களே, பிள்ளைகளின் பிறப்பைக் காலத்தில் பதிவு செய்யுங்கள்!