மனுவுக்கு மறுமொழி அரசின் கடன்

2025 ஜூலை 8ஆம் தேதி காலை, கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் மாண்டார்கள். கேட் ஏன் திறந்திருந்தது என்பது விசாரணைக்குரிய விஷயம். அன்றே வெளியான இன்னொரு செய்திதான் மனத்தை அறுக்கிறது. அந்த இடத்தில் சுரங்கப்பாதை கட்ட எப்போதோ ஒப்புதல் தந்தாயிற்று, மாவட்ட நிர்வாகம்தான் ஓராண்டாக அனுமதி தரவில்லை என்றது ரயில்வே. பிள்ளைகளின் உடல் வீடு போய்ச் சேருமுன்பே பழி ஓர் அலுவலகத்திலிருந்து அடுத்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த கேட்டில் இன்டர்லாக்கிங் இல்லை. அதாவது கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்ற கட்டு இல்லை. கேட்டைக் கடக்கும் ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கி ஒரு போக்குவரத்து அளவு கணக்கிடுவார்கள். அது 10,000 இருந்தால்தான் இன்டர்லாக்கிங் என்றிருந்த வரம்பு, விபத்துக்குப் பிறகு 3,500 ஆகக் குறைக்கப்பட்டது. சாவுக்குப் பின் முடிந்தது, அதற்கு முன் ஏன் முடியவில்லை? குடிமக்கள் கேட்பதற்குக் காலத்தில் பதில் சொல்வது அரசின் விருப்பமா, கடமையா என்பதே இங்குள்ள அறக்கேள்வி. கடமை என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

இந்தக் கேள்விக்கு ரயிலின் வயதே ஆகிறது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் பாதையைத் திறந்தது சென்னை ரயில்வே கம்பெனி. பின்னர் அரக்கோணத்தில் பிரிந்து திருத்தணி, ரேணிகுண்டா வழியாக வடமேற்கே நீண்ட தடம், 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. கம்பெனி போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீத வருமானம் உறுதி. குறைந்தால் இந்தியர் வரிப்பணத்திலிருந்து ஈடு. இயக்குநர்கள் இருந்ததோ லண்டனில். பயணி மகிழ்ந்தாலும் நொந்தாலும் பங்குதாரருக்கு ஐந்து சதவீதம் வந்துவிடும் என்றால், திருத்தணிப் பயணியின் முறையீட்டுக்கு அங்கே என்ன மதிப்பு இருந்திருக்கும்?

1917இல் காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு இந்தத் தடத்தில்தான் மூன்றாம் வகுப்பில் வந்தார். 22 பேருக்கான பெட்டியில் பெரும்பாலான நேரம் 35 பேருக்குக் குறையாமல் அடைந்து கிடந்ததை அவர் பகிரங்கமாக எழுதினார். ரயில்வேக்கு வருமானம் தந்ததும் மூன்றாம் வகுப்பு. மிருகங்களைப் போல் நடத்தப்பட்டதும் மூன்றாம் வகுப்பு. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனியிடம், இதரருக்குத் தனியிடம் என்றிருந்த இழிவு 1941 வரை நீடித்தது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் விடாமல் கிளர்ந்தபின்தான் ஒழிந்தது.

கம்பெனி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கொரோனாவுக்குப் பின் சாதாரணப் பயணிகள் ரயிலுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, 10 ரூபாய்க் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ஆக்கினார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களும் பூ, காய் விற்கப் போகிறவர்களும் புலம்பித் தீர்த்தார்கள். பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில். திண்டிவனம்–நகரி புதிய பாதைக்கு 2006-07இல் அனுமதி கிடைத்தது; திருத்தணிக்கு வடக்கே உள்ள மக்கள் அதன் நிறைவை இன்னும் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

நம் மரபு இதை எப்படிப் பார்த்தது? பழைய நிலவரிக் கடனைத் தள்ளும்படி வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் பாடிக் கேட்டார், தள்ளுபடி கிடைத்தது. புறநானூற்றில் அது பதிவாகியிருக்கிறது. அளவறியாமல் வரி கொள்ளும் அரசு தன்னையும் நாட்டையும் கெடுக்கும் என்று பாண்டியன் அறிவுடை நம்பியை எச்சரித்தார் பிசிராந்தையார். மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் மணி கட்டினான். அதை அடித்தது வாயில்லாப் பசு. நீதி கேட்டு வந்த கண்ணகி பாண்டியன் அவையில் அந்தச் சோழன் கதையைத்தான் எடுத்துச் சொன்னாள். தன் பிழை உணர்ந்த பாண்டியன் அடுத்த அதிகாரியைக் கைகாட்டவில்லை, உயிரையே விட்டான். வள்ளுவரோ, எளிதில் காணமுடியாதவனாய், ஆராய்ந்து முறை செய்யாதவனாய் இருக்கும் மன்னன் தாழ்ந்து தானே கெடுவான் என்கிறார்; காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுப்பவனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்கிறார். துன்பம் தாளாமல் மக்கள் அழும் கண்ணீர் அரசின் செல்வத்தையே அராவிவிடும் என்பதும் அவர் வாக்கே. இத்தனை சான்றோரும் ஒருமுகமாகச் சொல்வது, கேட்பவனுக்குக் காது கொடு, காரணம் சொல், பொறுப்பை ஏற்றுக்கொள் என்பதுதான்.

அந்தப் பழைய தடத்தில் உள்ள திருத்தணிக்கே உரிய சான்றும் ஒன்று உண்டு. ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைத் துரைமார் வீட்டு வாசலில் நம்மவர் பழத்தட்டோடு காத்துக்கிடந்த வழக்கத்தைக் கண்டு வருந்திய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகை மலைமேல் இருக்கிறார் என்று சொல்லி, டிசம்பர் 31 இரவு 365 படிகளிலும் திருப்புகழ் பாடி ஏறவைத்தார். அந்தப் படித்திருவிழா இன்றும் நடக்கிறது. 1953க்குப் பின் ஆந்திரத்தோடு இருந்த இவ்வூர், ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்தால் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி தமிழகம் சேர்ந்தது. பணிந்து நிற்பதற்கும் உரிமையோடு கேட்பதற்கும் உள்ள தூரம் இவ்வூருக்குத் தெரியும்.

எதிர்வாதமும் உண்டு. கேட்கும் எல்லா ஊரிலும் ரயில் நிற்க முடியாது, கஜானாவுக்கும் எல்லை உண்டு என்பார்கள். மெய்தான். ஆனால் முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்ல கஜானா தேவையில்லை.

ஆகவே ஆட்சியில் இருப்போர் உணரட்டும்: மறுப்பதற்கு அரசுக்கு அதிகாரம் உண்டு, மௌனம் காப்பதற்கு இல்லை. ஒவ்வொரு மனுவுக்கும் கெடு வேண்டும். பெயரோடு ஓர் அதிகாரி வேண்டும். இரண்டு துறை சம்பந்தப்பட்டால் இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பதில் தர வேண்டும். குடிமக்களும் கேட்பதை யாசகமாக எண்ணிக் கூசவேண்டாம். டிக்கெட்டும் வரியும் கொடுக்கிறவன் கணக்குக் கேட்கிறான். கணக்குச் சொல்ல மறுக்கும் அரசு, கொடி மாறியபின்பும் கம்பெனி அரசுதான்.