யார் வண்டி?

வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்து முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் திருப்பாமலே கேட்டார்: “யார் வண்டி?”

அவருக்கு 86 வயது. பார்வை மங்கி ஆறேழு வருடம் ஆகிறது. காது மட்டும் சுத்தம். பிள்ளையார் கோயில் வளைவில் நான் இரண்டாவது கியருக்கு இறக்கும்போதே அம்மாவிடம் “வந்துட்டான், இலையைப் போடு” என்று சொல்லிவிடுவார்.

“நம்ம ஜீப்தான்ப்பா.”

“இல்லையே” என்றார். வம்புக்குச் சொல்லவில்லை. கேட்டதைச் சொன்னார்.

நாங்கள் இருப்பது தாண்டிக்குடிப் பக்கம். கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல். காப்பி, மிளகு, கொஞ்சம் ஏலம். தோட்டத்துக்குள் போகும் பாதையைப் பாதை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். அப்பா 1974-இல் ஓர் அரசுத் துறை ஏலத்தில் இந்த ஜீப்பை எடுத்தார். வில்லிஸ் உரிமத்தில் மஹிந்திரா கட்டிய சிஜே-3பி, 1962 மாடல், பெட்ரோல் எஞ்சின். வில்லிஸ்காரன் எஃப்-ஹெட் எஞ்சினுக்கு மாறியபோது அது பழையதைவிட உயரமாகப் போயிற்று; அதற்காக பானெட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. அந்த மேடு கட்டிய நெற்றிதான் இந்த வண்டிக்கு அடையாளம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ‘மண்டை ஜீப்பு’ என்பார்கள்.

இத்தனை வருடத்தில் அதில் மாற்றாதது எது என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. கியர் பாக்ஸ் இரண்டு முறை. ரேடியேட்டர் மூன்று முறை. ஸ்டீயரிங் பாக்ஸ் ஒரு விபத்துக்குப் பின். பாடியின் தகரத்தில் பாதி வெல்டர் போட்டது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோவேன். சேஸிஸ் எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். எண் தெரிந்தால் அதே வண்டி. ஞானிகள் எத்தனையோ நூற்றாண்டு மல்லுக்கட்டிய கேள்விக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு பென்சில் போதுமானதாக இருக்கிறது.

அந்தப் பென்சிலுக்கு அகப்படாமல், பழையபடியே மிஞ்சியிருந்த சிலவற்றில் ஒன்று கார்புரேட்டர். கார்ட்டர் ஒய்எஃப். போன மழைக்காலத்தில் அதுவும் தன் முடிவைச் சொல்லிவிட்டது. த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து, கட்டைவிரலால் அசைத்தால் கடகடவென்று ஆடியது. அந்தச் சந்து வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகும். இப்போது பெட்ரோலில் கலந்து வருகிற எத்தனாலும் தன் பங்கைச் செய்திருந்தது: மிதவை இருக்கும் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

கார்புரேட்டரைப் பற்றிப் பலர் நினைப்பது தலைகீழ். அது எஞ்சினுக்குப் பெட்ரோலை ஊட்டுவதில்லை. எஞ்சின் மூச்சிழுக்கிறது. கார்புரேட்டரின் தொண்டை நடுவில் குறுகியிருப்பதால் அங்கே காற்று வேகம் எடுக்கிறது. வேகம் எடுத்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்துக்குப் பெட்ரோல் தானாக ஏறி வந்து காற்றோடு கலக்கிறது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலே முக்கால் பங்கு காற்று இருந்தால் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும். ஆக, வேலை செய்வது அந்தச் சாமானுக்குள் இருக்கும் வெற்றிடம். பித்தளையும் அலுமினியமும் அந்த வெற்றிடத்துக்குச் சுவர்.

வத்தலக்குண்டு மெக்கானிக் என்னைவிடச் சின்னவர். அவருடைய அப்பாவிடம்தான் என் அப்பா வண்டி விட்டார். “இதுக்கு மேல புஷ் அடிச்சு ஓட்டுறது பாவம்ணே” என்று சொல்லி, சோலெக்ஸ் மாதிரியில் வந்த புதுசு ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டியோடு வந்த கேஸ்கெட் துளை பொருந்தவில்லை. அட்டை வாங்கி, ஹெட்மேல் வைத்துச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரம் தட்டி அவரே வெட்டிக்கொண்டார்.

இந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் வழி தனிக் குழாயாக இல்லை. ஹெட்டோடு சேர்த்தே வார்த்தது. ஹெட்டின் தலையில் இரண்டு ஸ்டட் நிற்கும். அதன்மேல்தான் கார்புரேட்டர் உட்கார வேண்டும். பழைய கேஸ்கெட்டின் பிசுறை பிளேடால் சுரண்டினார். சுரண்டிய தூள் ஓட்டைக்குள் விழாமலிருக்கத் துணி அடைத்தார். ஹெட்டின் சூடு ஏறாமலிருக்க நடுவில் பேக்லைட் கட்டை. அதற்கு மேலும் கீழும் ஷெல்லாக் தடவிய கேஸ்கெட். நட்டை ஒரு பக்கம் முழுக்க முறுக்காமல் இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று. “ஒரே பக்கம் இறுக்கினா அடித்தட்டு வளைஞ்சுரும்ணே. வளைஞ்சா மறுபடி காத்துதான்.”

ஷெல்லாக்கின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பட்டறை மறந்துவிட்டது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கல்லுரலில் அஷ்டபந்தனம் இடித்தார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். நாள் முழுக்க இடி. ஆள் மாற்றி ஆள். மெழுகு மாதிரி இளகியதும் திரித்துக் கயிறாக்கி, பீடத்துக்கும் மூர்த்திக்கும் இடையில் இருக்கும் சந்தில் வைத்து அழுத்தினார்கள். கொம்பரக்கு என்பதும் ஷெல்லாக் என்பதும் ஒரே பூச்சி மரத்தில் வைக்கிற அரக்குதான். இரண்டுக்கும் வேலையும் ஒன்று: உட்கார்ந்தது ஆடக்கூடாது, சந்து வழியாக எதுவும் உள்ளே போகக்கூடாது.

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் சாமியையும் ஜீப்பையும் ஒன்று என்று சொல்லவரவில்லை. ஆனால் பழையதை எடுத்துப் புதியதை வைப்பது எப்படி என்ற கேள்வியை நம் ஆகமக்காரர்கள் அளவுக்குப் பொறுமையாக யோசித்தவர்கள் குறைவு. திருப்பணி தொடங்கும்முன் மூர்த்தியின் சக்தியைக் கும்ப நீருக்கு இழுக்கிறார்கள். அங்கிருந்து அத்திப்பலகையில் எழுதிய உருவத்துக்கோ சின்ன பிம்பத்துக்கோ மாற்றி, பாலாலயத்தில் வைத்துப் பூசை செய்கிறார்கள். வேலை முடிந்ததும் மறுபடி கும்பம், மறுபடி மூலஸ்தானம். நடுவில் சாமி எங்கும் இல்லாத ஒரு நாழிகைகூட வராதபடி ஏற்பாடு. பின்னமான மூர்த்தியை மாற்றவும் விதி இருக்கிறது.

விதி இருந்தும் மனசு ஒப்புவது வேறு. எங்கள் மலையிலிருந்துதான் முருகன் பழநிக்குத் தாண்டிக் குதித்தான் என்பது ஊர்க்கதை. ஆகவே பழநிக் காரியம் எங்களுக்கு வீட்டுக் காரியம். போகர் செய்ததாக வழிவழியாகச் சொல்லும் நவபாஷாண மூர்த்தி தேய்ந்துவிட்டது என்று 2004-இல் அங்கே புதிதாக ஐம்பொன் சிலை ஒன்றை வைத்தார்கள். அந்த வருடமே எடுத்தும் விட்டார்கள். வழக்கு, விசாரணை எல்லாம் பின்னால் வந்தன; அது வேறு கதை. அன்று அப்பா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: “தேய்ஞ்சதுன்னா என்ன, நம்ம கும்பிட்டுத் தேய்ஞ்சது.”

அப்படிச் சொன்னவர்தான் இப்போது “யார் வண்டி?” என்கிறார்.

நான் இரண்டு வருடம் சித்தாந்த வகுப்புக்குப் போனவன். அங்கே எதிர்த்தரப்பாக பௌத்தர் வருவார். அந்த வழியில்தான் மிலிந்தனின் தேர் எனக்கு அறிமுகம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு கிரேக்க அரசன் மெனாண்டரைத்தான் பாலி நூல் மிலிந்தன் என்கிறது. தேரில் வந்த அவனிடம் நாகசேனர் என்ற பிக்கு, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் இல்லை என்கிறான். இவையெல்லாம் கூடியிருப்பதை வைத்து வழங்கும் பெயர்தான் தேர் என்று ஒப்புக்கொள்கிறான். நாகசேனன் என்பதும் அப்படியே, உள்ளே ஆள் இல்லை என்று முடிகிறது வாதம்.

சித்தாந்தத் தரப்பில் நிற்பவர் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார், 13-ஆம் நூற்றாண்டு. அவர் நூல் 12 சூத்திரம், மொத்தம் 40 அடி. மூன்றாவது சூத்திரத்தில் உடம்பை மாயையால் ஆன இயந்திரம் என்கிறார்; இயந்திரம் என்ற சொல்லையே போடுகிறார். அந்த இயந்திரத்துக்குள் ஆன்மா உண்டு என்பதற்கு அவர் அடுக்கும் காரணங்களில் ஒன்று எனக்கு எப்போதும் பிடிக்கும். ‘என் உடம்பு’ என்று சொல்கிறாயே, அப்படிச் சொல்கிறவன் உடம்பாக இருக்க முடியாது என்பது. என் வேட்டி என்கிறவன் வேட்டியா?

சரி, ஜீப் ‘என் கார்புரேட்டர்’ என்று சொல்லப்போவதில்லை. சித்தாந்தப்படி அது சடம். அப்பாவிடம் இதை ஒரு தடவை சொன்னபோது, “வண்டிக்கு ஆன்மா கிடையாதுடா, ஒத்துக்கறேன். ஆனா மார்கழிக் காலையில பாரு, ஆணவம் உண்டு” என்றார். ஆக நாகசேனர் சொன்னபடி அது வெறும் பெயர்தான் என்று விட்டுவிடலாம். விட முடியவில்லை. நாகசேனர் அச்சைப் பற்றிக் கேட்டார், நுகத்தைப் பற்றிக் கேட்டார். அந்தத் தேரைத் தினம் ஓட்டுகிறவனுக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்று மட்டும் கேட்கவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஆறரை மணி. குளிர். ஏறி உட்கார்ந்தேன். சோக்கை முழுசாக இழுத்து, ஆக்சிலேட்டரை மூன்று மிதி மிதித்து, முருகா என்று ஸ்டார்ட்டரைக் கொடுத்தேன். இது அப்பா சொல்லிக்கொடுத்த வரிசை. அரை நூற்றாண்டாக இந்த வீட்டில் யாரும் வேறு மாதிரி ஸ்டார்ட் செய்ததில்லை. எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி மூன்று மிதி. மறுபடி. அப்புறம் வாசனை வந்தது. இந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்கே டிரைவர் சீட்டுக்கு அடியில்தான், லேசான வாடை எப்போதும் உண்டு. இது அப்படியில்லை, முற்றம் முழுக்க பெட்ரோல். பிளக்கைக் கழற்றினால் நான்கும் கறுத்து, நனைந்து சொட்டுகிறது.

பட்டறைக்குப் போன் போட்டு, புதுச் சாமானே கோளாறு என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “எத்தனை தடவ மிதிச்சீங்க?” சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அண்ணே, அது பழசுக்கு. அதுல காத்து ஒழுகுனதால அவ்வளவு பெட்ரோல் கொடுக்க வேண்டியிருந்துச்சு. இது ஒழுகலையே.”

அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஜீப்பை ஸ்டார்ட் செய்யும் விதம் என்று நினைத்திருந்தேன். ஒரு தேய்ந்த ஷாஃப்ட்டின் குறையைச் சமாளிக்கும் விதம் அது. குறை கழன்று அலமாரிக்குப் போய்விட்டது. சமாளிப்பு என் காலிலும் கையிலும் அப்படியே இருக்கிறது. எங்கள் வகுப்பில் வாசனாமலம் என்று ஒன்று சொல்வார்கள். பெருங்காயத்தைக் கொட்டிவிட்டுப் பாண்டத்தைக் கழுவிக் கவிழ்த்தாலும் மணம் விடாது. உயிரைக் கட்டும் அழுக்கான மலம் வலி குன்றிய பிறகும் பழக்கத்தின் சாயல் அப்படி நிற்கும் என்பார்கள். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். வாசனை என்ற சொல்லுக்கு மூக்கில் ஏறுவது என்றும் பொருள் இருப்பதை அன்று காலை முற்றத்தில் நின்றுதான் கவனித்தேன்.

பிளக்கைத் துடைத்து வெயிலில் வைத்தேன். சோக்கைத் திறந்துவிட்டு, ஆக்சிலேட்டரை அடியோடு மிதித்தபடி ஸ்டார்ட்டர் கொடுத்ததும் கரும்புகை கக்கிப் பிடித்துக்கொண்டது. பிளக் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் பழைய கார்ட்டரை எடுத்து அப்பா மடியில் வைத்தேன். தடவினார். ஷாஃப்ட்டைக் கண்டுபிடித்துக் கட்டைவிரலால் ஆட்டினார். “இவ்வளவு ஆட்டமா?” என்றார். “இதோடயா ஓட்டினோம்?” குரலில் வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. மிக்ஸ்சரை டியூன் செய்தது கீழே. ஏறக்குறைய ஆயிரம் அடியில் சரியாக இருந்தது, மேலே காற்று மெலிந்த இடத்தில் பெட்ரோல் கூடிப்போகும். மெக்கானிக் சொன்னபடி, வண்டி நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங் ஸ்குரூவைச் சொட்டுச் சொட்டாக உள்ளே திருகினேன். ஓட்டம் தடுமாறும் வரை போய், பிறகு கொஞ்சம் வெளியே. காதை வைத்துத்தான். அப்பாவைத் திண்ணையிலிருந்து கூட்டிவந்து பானெட்டருகே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். “இன்னும் கொஞ்சம். போதும். இல்ல, பின்னால வா. அங்கயே நிறுத்து.” அவர் கை தன்னால் திருகிக்கொண்டிருந்தது, காற்றில்.

என் மகள் ஜீப் பழகியது இந்தப் புது கார்புரேட்டரில்தான். சோக்கைப் பாதி இழுப்பாள், ஆக்சிலேட்டரைத் தொடமாட்டாள், முருகனையும் கூப்பிடமாட்டாள். ஒரே சுற்றில் பிடிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் வலது கால் மட்டும் வெறும் தரையை மூன்று தடவை மிதிக்கிறது. அதைப் பார்த்து அவள் சிரிக்கிறாள்.

போன வாரம் அவள் தனியாகத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பினாள். நான் திண்ணையில் அப்பாவுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார் கோயில் வளைவில் சத்தம் கேட்டதும் கையைக் காட்டிப் படிப்பதை நிறுத்தச் சொன்னார்.

“யார் ஓட்டுறது?”

“பாப்பா.”

இன்னும் கொஞ்சம் கேட்டார். “கிளட்சை விடுற விதம் சரியில்ல” என்றார்.