காண்டலும் கைப்பற்றலும்: கலையில் தனிமனிதக் கண்டுபிடிப்புப் பற்றிய ஒரு நோக்கு

கண்டுபிடிப்பு என்னும் தமிழ்ச் சொல் இரு செயல்களைத் தன்னுள் அடக்கியுள்ளது. முதலாவது காணுதல், இரண்டாவது பிடித்தல். விஞ்ஞானத்துறையில் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரிதாக உணரப்படுவதில்லை. இயற்கை விதியொன்றைக் கண்டவன் அதற்குத் தன் பெயரைச் சூட்டினும், அவ்விதி இயற்கையினின்றும் நீங்கிவிடுவதில்லை. கலைத்துறையில் நிலைமை வேறு. பிறர் ஒருவரால் முன்னரே ஆக்கப்பட்டு, தெருவோரத்தில் எவராலும் பொருட்படுத்தப்படாது கிடந்த ஒன்றைக் கலைஞன் காண்கிறான்; கண்டதைத் தன் பெயரால் உலகின் முன் வைக்கிறான். அவன் கண்டது உண்மை. ஆனால், பிடிப்பதற்கும் அவனுக்கு உரிமை உண்டா? தற்காலக் கலையில் தனிமனிதக் கண்டுபிடிப்பெனப் போற்றப்படுவதன் அறநிலையை ஆராய்வதற்கு இவ்வினாவே தக்க தொடக்கமாகும். உடனடிப் புகைப்படம், அச்செழுத்து வடிவமைப்பு ஆகிய இரு துறைகளும் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்வன.

உடனடிப் புகைப்படத்தின் தோற்றம் ஒரு குழந்தையின் கேள்வியோடு இணைத்துப் பேசப்படுகிறது. 1943இல் அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் எட்வின் லாண்ட் தம் சிறு மகளைப் படம் பிடித்தபோது, அதனை உடனே பார்க்க முடியாதது ஏனென அவள் கேட்டாள் என்றும், அக்கேள்வியே தம் ஆய்வுக்கு வித்திட்டதென்றும் அவர் கூறிவந்தார். 1947 பெப்ரவரியில் நியூயோர்க்கில் அம்முறையை அறிஞர் முன்னிலையில் அவர் செய்து காட்டினார். 1948 நவம்பரில் போலறொயிட் கமெரா பொஸ்ரன் நகரில் விற்பனைக்கு வந்தது. 1972இல் வெளிவந்த எஸ்.எக்ஸ்.-70 கமெரா இம்முறையைச் செம்மையாக்கியது. படத்தாள் இரு உருளைகளுக்கிடையே வெளிவரும்போது அதன் ஓரத்திலுள்ள சிறு பை உடைந்து, இரசாயனக் குழம்பு தாளினுள்ளே பரவுகிறது. இருட்டறையின் துணையின்றிப் பகலொளியிலேயே சில நிமிடங்களில் உருவம் தெளிகிறது. பிரித்தெடுத்துப் பிரதி செய்வதற்குத் தனியான நெகற்றிவ் இதில் இல்லை.

இத்தொழில்நுட்ப மாற்றத்தின் அறப்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வழமையான புகைப்படக்காரன் தான் பிடித்ததைச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு சென்றுவிடுகிறான். பிடிக்கப்பட்டவர் தம் படத்தை ஒருபோதும் காணாமற் போகலாம். உடனடிப் புகைப்படத்திலோ இருவரும் ஒரே இடத்தில் நின்று அதனைக் காண்கின்றனர். படமும் ஒன்றே. அதனைக் கொடுத்தால் இழக்கவேண்டும்; வைத்துக்கொண்டால், கேட்பவர் முகத்தைப் பார்த்து மறுக்கவேண்டும். கண்டதைப் பிடிக்கும் உரிமை யாருடையது என்ற வினா இவ்வாறு புகைப்படக்காரனின் கைக்கே வந்துசேர்கிறது.

இவ்வினாவின் முழுக் கனத்தையும் தாங்கி நிற்பது வோக்கர் எவன்ஸ் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞரின் இறுதிக்காலப் பணியாகும். 1936இல் அலபாமா மாநிலத்துக் குத்தகை விவசாயக் குடும்பங்களைப் படம் பிடித்துப் புகழ்பெற்ற அவர், எழுபது வயதை எட்டிய வேளையில், 1973இல், எஸ்.எக்ஸ்.-70 கமெராவைக் கையிலெடுத்தார். 1975இல் இறப்பதற்கு முன்னர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அதனாற் பிடித்தார். நண்பர்களும் மாணவர்களும் மட்டுமன்றி, பழைய விளம்பரப் பலகைகளும், தெருவிலே தீட்டப்பட்ட குறிகளும், சொல்லினின்றும் பிரிந்து தனித்து நிற்கும் எழுத்துக்களும் அவற்றின் பொருளாயின. மழையில் வெளிறிய ஓர் எழுத்தை மிக அருகே சென்று பிடித்த அப்படங்களிலே, வாசிக்கப்படும் கருவியாயிருந்த எழுத்து பார்க்கப்படும் உருவமாக மாறுகிறது. தெருவில் நடந்தோர் எல்லோரும் அதனை வாசித்தனர். எவன்ஸ் அதனைக் கண்டார்.

ஆனால் அவர் காண்டலோடு அமையவில்லை. பலகைகளையே கழற்றிச் சேகரித்தார். 1971இல் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் நடைபெற்ற கண்காட்சியில், புகைப்படங்களின் அருகே அப்பலகைகளையும் மாட்டிவைத்தார். ஒரு பொருளைப் படமாக எடுப்பவன் அப்பொருளின் மதிப்பையும் தன் காணும் செயலின் மதிப்பையும் ஒருங்கே நிலைநாட்டுகிறான் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். படத்தைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கதே. பலகையைப் பொறுத்தவரை இதனை ஏற்பதற்கில்லை. படம் பிடித்த பின்பும் பலகை சுவரிலே இருந்து தன் கடமையைச் செய்யும். கழற்றிய பின்போ சுவரிலே ஆணித் துளைகளே எஞ்சும். எடுத்திராவிட்டால் அது துருப்பிடித்து அழிந்திருக்கும் என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் காப்பாற்றுதல் என்ற பெயரால் நிகழும் எல்லாக் கவர்தலுக்கும் இதே நியாயம் கூறப்பட்டு வந்துள்ளதென்பதை மறத்தலாகாது. அழிவினின்றும் காத்தவன் காவலனாகலாமேயன்றி, அக்காரணத்தால் மட்டும் உரிமையாளனாகிவிட மாட்டான்.

அச்செழுத்து வடிவமைப்பில் இதற்கு மாறான ஓர் உதாரணம் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஜீ.கியூ. என்னும் சஞ்சிகைக்காக ரொபியாஸ் ஃபிரையர்-ஜோன்ஸ் வடிவமைத்த கொத்தம் என்னும் எழுத்துரு, நியூயோர்க் நகரின் பழைய கட்டடங்களிலே பொருத்தப்பட்டிருந்த பெயரெழுத்துக்களிலிருந்து பிறந்தது. அங்குள்ள போர்ட் அதோரிற்றி பஸ் நிலையத்தின் முகப்பெழுத்து அதன் தலையாய மூலமாகும். அழகியற் கோட்பாடெதனையும் முன்வைக்காது, அளவுகோலையும் தேவையையுமே நம்பிய பொறியியலாளரின் கைப்பட்ட எழுத்துக்கள் போன்றவை அவை. ஃபிரையர்-ஜோன்ஸ் மன்ஹற்றன் தெருக்களில் நடந்து அத்தகைய எழுத்துக்களைப் படம் பிடித்தார். எழுத்தெதனையும் சுவரிலிருந்து கழற்றவேண்டிய தேவை அவருக்கிருக்கவில்லை.

இங்கே இன்னுமொன்றைக் கவனித்தல் வேண்டும். அக்கட்டட எழுத்துக்கள் ஆங்கிலப் பேரெழுத்துக்களாகவே இருந்தன. சிற்றெழுத்துக்கு அங்கே முன்மாதிரி இல்லை. பேரெழுத்தின் இயல்பையுணர்ந்து, அதே குடும்பத்துப் பிள்ளைகளாகச் சிற்றெழுத்துக்களை வடிவமைப்பாளரே ஆக்கவேண்டியிருந்தது. ஆகவே, கண்டது முடியுமிடத்தில் உழைப்புத் தொடங்குகிறது. அவ்வுழைப்பின் அளவிற்கே கண்டவனுக்கு உரிமையும் உண்டாகிறது. எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லையென 1978இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. எழுத்து எல்லோருக்கும் பொதுவான கருவி. அதன் உருவைத் தனிச்சொத்தாக்கச் சட்டமே தயங்குகிறது.

இவ்விடத்துச் சமூகவியல் நோக்குடைய திறனாய்வாளர் ஒரு தடை எழுப்புவர். பலகையைத் தீட்டியவன் ஒருவன்; உலோக எழுத்தை வார்த்தவன் ஒருவன்; கமெராவைத் தொழிற்சாலையில் ஆக்கியோர் பலர். இவ்வாறிருக்கத் தனிமனிதக் கண்டுபிடிப்பென்பதே ஒரு மாயை என்பது அவர்தம் வாதம். இதிற் பாதி உண்மை. பெயரறியாத் தொழிலாளியின் உழைப்பை மறைத்து எழும் புகழ் நேர்மையற்றதே. ஆயினும், அதே முகப்பெழுத்தின் கீழ் நாள்தோறும் எண்ணற்றோர் நடந்துசென்றிருக்க, அதனை நின்று நோக்கியோர் மிகச் சிலரே என்பதையும் விளக்கவேண்டும். காணுதலும் ஓர் உழைப்பே. அதனைச் சமூகம் தனிமனிதனுக்காகச் செய்துகொடுத்தல் இயலாது. எனவே, காணும் செயல் தனிமனிதனுடையது. காணப்பட்ட பொருள் பொதுவினது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுமிடத்தே தவறு நிகழ்கிறது.

கண்டுபிடித்ததென்பது என்றைக்குமாகக் கைவசமாகிவிட்டதுமன்று. உடனடிப் படத்தாள் உற்பத்தியை நிறுத்துவதாகப் போலறொயிட் நிறுவனம் 2008இல் அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலிருந்த ஆலையின் இயந்திரங்களை, முன்னாள் ஊழியர் சிலரும் ஆர்வலரும் சேர்ந்து காப்பாற்றினர். ஆனால் பழைய இரசாயனப் பொருள்கள் பல அப்போது கிடைக்கவில்லை. ஆதலால் முன்னர் கண்டறியப்பட்டதையே மீண்டும் தேடிக்கண்டு, 2010இல் புதிய படத்தாளை அவர்கள் வெளியிட்டனர். லாண்டின் பெயர் வரலாற்றில் நிலைத்திருந்தது. அவர் கண்டதை வாழவைத்தவை பலரின் கைகளே.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கலையிலே கண்டவனுக்கு மூன்று கடமைகள் உளவென்பது பெறப்படும். ஆக்கியவனின் பெயர் தெரியாவிடினும் அவன் இருந்தான் என்பதை ஒப்புக்கொள்ளல் ஒன்று. கண்ட பொருளை அது வாழும் இடத்திலேயே இயன்றவரை வாழவிடல் மற்றொன்று. எடுத்ததைத் தன் உழைப்பால் வளர்த்து மீண்டும் பொதுவினிடம் சேர்த்தல் மூன்றாவது. இக்கடமைகளை ஏற்றவனின் கண்டுபிடிப்புத் தனிமனிதனுடையதாயிருந்தும் தன்னலமாவதில்லை. ஏலாதவன் எத்துணைக் கூரிய பார்வையுடையவனாயினும், அவனிடம் எஞ்சுவது பிடித்தல் மட்டுமே; காணுதல் அங்கே நின்றுவிடுகிறது.