எங்கள், நம்

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுத உட்காருகிறவனுக்கு இங்கிலீஷில் இல்லாத ஒரு சங்கடம் தமிழில் உண்டு. முதல் வாக்கியத்திலேயே அவன் ‘எங்கள் ஊர்’ என்பதா, ‘நம் ஊர்’ என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். ஒன்று கேட்பவனை வெளியே நிறுத்துகிறது. மற்றது உள்ளே அழைக்கிறது. இங்கிலீஷ்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். யாரைச் சேர்த்தான், யாரை விட்டான் என்பது நூறு பக்கம் தாண்டித்தான் வாசகனுக்குப் பிடிபடுகிறது. பல சமயம் பிடிபடுவதே இல்லை. இது இலக்கணப் பிரச்னை அல்ல, ஒழுக்கப் பிரச்னை என்றே எனக்குப் படுகிறது.

பி.ஏ. வகுப்பில் கோல்ட்ஸ்மித்தின் கைவிடப்பட்ட கிராமத்துக்காக (1770) உருகியவர்கள், அதற்குப் பதில் போல 1783ல் வந்த ஜார்ஜ் க்ராபின் ‘கிராம’த்தை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். உருகுவது சுலபம். க்ராப் 1754ல் ஆல்ட்பரோ என்ற சின்னக் கடலோர ஊரில் பிறந்தவர். அங்கேயே வைத்தியம் பார்த்தார். பின்னால் உதவிப் பாதிரியாராகத் திரும்பி வந்தபோது ஊர் அவரை அவ்வளவாக வரவேற்கவில்லை. 1810ல் அவ்வூரை மனதில் கொண்டு, இருபத்து நான்கு கடிதங்களாக ‘பரோ’வை எழுதினார். அதில் பீட்டர் க்ரைம்ஸ் என்ற மீன்பிடிக்காரன் லண்டன் ஏழை விடுதியிலிருந்து காசு வாங்கிக்கொண்டு பையன்களைக் கூட்டி வருகிறான். பையன் அலறுவது தெருவுக்குக் கேட்கிறது. கேட்டவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். மூன்றாவது பையனும் செத்த பிறகுதான் மேயர் தடை விதிக்கிறார். க்ரைம்ஸின் குரூரத்தைவிட அந்தத் தெருவின் நிதானம்தான் க்ராபின் கண்டுபிடிப்பு. (பெஞ்சமின் பிரிட்டன் 1945ல் இதை இசை நாடகமாக்கினார், 1948ல் அதே ஊரில் சங்கீத விழாவும் தொடங்கினார். இன்று ஊருக்கு அதுதான் பெருமை. தன் மேல் விழுந்த குற்றச்சாட்டை நகையாகப் போட்டுக்கொள்ள ஊர்களுக்குத் தெரியும்.)

இங்கிலாந்தில் 1538லிருந்து ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்தாக வேண்டும். கூலிக்காரன் பெயரும் பிரபுவின் பெயரும் ஒரே நோட்டில். பொறாமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் 1662ல் வந்த சட்டம், பிழைக்க வந்த ஏழை தர்மத்துக்கு நின்றுவிடுவான் என்று தோன்றினால் அவனைப் பழைய ஊருக்கே விரட்டவும் அதே நிர்வாகத்துக்கு உரிமை கொடுத்தது.

நம் பக்கம் வருவோம். மேலநீலிதநல்லூரில் பஸ் ஏறினால் சங்கரன்கோவில். அங்கே சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சண்டை போட்டதாகத் தல புராணம். கோமதி தவமிருக்க, இருவரும் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக வந்து நின்றார்கள். ஆடித் தபசுக்கு ஜனம் கூடுவது இந்தக் காட்சிக்காகத்தான். அழகான கற்பனை. தெய்வங்களின் தகராறு ஓர் உடம்பில் தீர்ந்துவிட்டது. மனிதர்களுக்கு அப்படியோர் உடம்பு வாய்க்கவில்லை. பூலித்தேவருக்கு நெற்கட்டும்செவலில் நினைவிடம், செப்டம்பர் 1 விழா. அவர் படையில் நின்ற ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம், ஆகஸ்ட் 20 விழா. சேர்ந்து போட்ட சண்டையைப் பிரிந்து கொண்டாடுகிறோம்.

2022 செப்டம்பரில், இதே சங்கரன்கோவில் வட்டாரத்துப் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளுக்குக் கடைக்காரர் விற்க மறுத்தார். ஊர்க் கட்டுப்பாடு என்று காரணம் சொன்னார். அதைப் படம் பிடித்துப் பரப்பவும் செய்தார்கள். கைது நடந்தது. ஐந்து பேர் ஆறு மாதம் கிராமத்துக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இதில் என்னை உறுத்துவது ‘ஊர்’ என்ற சொல். அந்தக் குழந்தைகளும் பாஞ்சாகுளம்தான். ஆனால் ஊர் இல்லை. இது நேற்று வந்த அர்த்தமும் அல்ல. முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் ஜாபிதாவில், ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி. ஆயிரம் வருஷமாக அந்தச் சொல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் அவரவர் சரித்திரத்தை அவரவர் எழுதட்டும், எல்லாவற்றையும் சேர்த்தால் ஊர்ச் சரித்திரம் ஆகிவிடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கூட்டல் வேலை எனக்குக் கொஞ்சம் தெரியும், சம்பளமே அதற்குத்தான். பாங்கி கவுண்டரில் நகைக் கடனுக்கு நிற்கும் வரிசையில் எல்லாத் தெருக்காரர்களும் நிற்கிறார்கள். விண்ணப்பத்தில் தெருப் பெயரைப் பார்த்ததும் உள்ளூர்க்காரனுக்கு மீதி விவரம் தெரிந்துவிடும். அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது, ஒரு கணக்கில் பற்று என்றால் இன்னொன்றில் வரவு. ஒரு கணக்கை மட்டும் எடுத்து வாசித்தால் பணம் போனது தெரியும், எங்கே போனது என்பது தெரியாது. ஒரு தெருவின் கௌரவம் இன்னொரு தெருவின் கணக்கில் என்னவாகப் பதிவாயிற்று என்பதைத் தனித்தனியே எழுதிய பெருமை நூல்களில் தேடிப் பயனில்லை. அவை ஒன்றை ஒன்று சந்திக்காதபடியே எழுதப்படுகின்றன.

க்ராப் செய்தது இதைத்தான். பையனின் அலறலையும் தெருவின் மௌனத்தையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதினார். பாஞ்சாகுளத்தைப் பற்றி எழுதுகிறவன் அந்தக் குழந்தையின் கையில் திரும்பிப் போன காசிலிருந்து தொடங்கலாம். ‘எங்கள்’ என்று போட்டாலும் சரி, ‘நம்’ என்று போட்டாலும் சரி, அந்தக் காசை எந்தப் பக்கம் எழுதினான் என்று நான் பார்ப்பேன்.