திரும்பி வரும் துணிவு

துணிவு என்றதும் முன்னேறிச் செல்வதையே மனிதர் நினைக்கின்றனர். சிறிய விமானத்தைத் தானே ஓட்டிச் செல்லும் தனியார் விமானிக்கு அந்தப் பொருள் போதாது. பெரிய விமான நிறுவனங்களில் வானிலையை ஆராய்ந்து முடிவெடுக்க விமானிக்குத் துணையாகப் பலர் உள்ளனர். தனியார் விமானியோ பெரும்பாலும் தானே ஆய்வாளன், தானே நடுவன். புறப்படும் வேளையில் அவனைத் தடுப்பதற்கு அவனுடைய மனச்சான்றே எஞ்சி நிற்கிறது.

1999ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் இரவு, அமெரிக்க அதிபராயிருந்த கென்னடியின் மகன் இளைய ஜான் கென்னடி, தம் மனைவியையும் அவருடைய தமக்கையையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து புறப்பட்டார். மார்த்தாஸ் வினியார்டு தீவில் இறங்கி, பின்னர் உறவினர் திருமணத்திற்குச் செல்வது திட்டம். ஏறத்தாழ 310 மணி நேரம் பறந்த பழக்கம் அவருக்கு உண்டு. கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்று இல்லை. உடன்வர முன்வந்த பயிற்சியாளரை அவர் அழைத்துச் செல்லவில்லை. கண்பார்வையைக் கொண்டு பறப்பதற்கு அன்றைய வானிலை அறிக்கை தடையாக இல்லை. ஆனால் கடலின் மேல் இருளும் மூட்டமும் சூழ்ந்திருந்தன. விமானம் கடலில் வீழ்ந்தது; மூவரும் மாண்டனர். நிலையுணர்வு தடுமாறி விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்று விசாரணை முடிவு கூறிற்று.

அத்தடுமாற்றம் கோழைக்கு மட்டும் உரியதன்று. தொடுவானம் மறைந்துவிட்டால், ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும் விமானம் நேரே செல்வதாகவே உட்காது உணர்த்தும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் கருவிப் பயிற்சியற்ற 20 பேரைச் சோதித்தது. அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 வினாடிகள். மூன்று நிமிடங்கள்கூட இல்லை! நெஞ்சுரம் எத்துணை இருந்தும் அங்கே பயன் யாது?

சட்டம் வகுப்பது குறைந்த அளவு எல்லையே. விமானியின் களைப்பையோ பழக்கத்தையோ அது அறியாது. 'செல்லலாம்' என்பது சட்டத்தின் சொல், 'செல்வது தகுமா?' என்பது அறத்தின் வினா. தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டு என்றே கொண்டாலும், மேகத்தையும் மூட்டத்தையும் அளந்தறியாமல் அவனை நம்பி அமர்ந்தோரின் உயிர் அவன் உடைமை ஆகுமா?

அரசனுக்கு அறிவுரை கூறும் வள்ளுவர், தெரிந்துசெயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அதிகாரங்களை வரிசைப்படுத்தினார். விமானிக்கும் அவ்வரிசை பொருந்தும். தன் திறனும், புறப்படும் வேளையும், கடக்கும் வழியும் தரையிலேயே எடைபோடப்பட வேண்டியவை. பார்வை எவ்வளவு குறைந்தால் திரும்புவது, எந்த மாற்றுத் தளத்தில் இறங்குவது, அதற்கு எரிபொருள் எவ்வளவு என்பனவும் அங்கேயே முடிவாக வேண்டும். வானில் ஏறியபின் மனம் நடுநிலையில் நிற்பதில்லை. காத்திருக்கும் விருந்தும் கொடுத்த வாக்கும் அதை முன்னோக்கி இழுக்கின்றன. கடந்து வந்த ஒவ்வொரு மைலும் திரும்புவதை மேலும் அரிதாக்குகிறது.

திரும்பி வந்தவனுக்கு மாலையில்லை. தவிர்த்த விபத்தை எவரும் காண்பதில்லை. மறுநாள் வானம் தெளிந்திருந்தால் அவனை அச்சமுடையோன் என்று நகைப்போரும் உண்டு. தன் முடிவு சரி என்பதற்குச் சான்று ஒருபோதும் கிடைக்காது என்று அறிந்தே திரும்புகிறானே, அவன் துணிவே பெருந்துணிவு.