இரண்டாவது தோட்டா

துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று போனில் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எதுக்கு தம்பி?" என்றார். கோஃபர் சுடுவதற்கு என்றேன். கோஃபர் என்றால் என்ன என்று விளக்கினேன். "எலிதானே? எலிக்குப் போயி துப்பாக்கியா? கிட்டி வச்சா போதாதா?" என்று கேட்டுவிட்டு, ஆற்றில் தண்ணீர் வராத கதைக்குப் போய்விட்டார்.

எலி இல்லை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், நான் வேலை பார்க்கும் ஸ்விஃப்ட் கரன்ட் பக்கத்தில், கோஃபர் என்று எல்லோரும் சொல்வது ஒரு தரை அணிலை. ரிச்சர்ட்சன் தரை அணில் என்பது அதன் புத்தகப் பெயர். உண்மையான கோஃபர் வேறு குடும்பம். அது மண்ணை விட்டு வெளியே தலைகாட்டுவதே அபூர்வம். ஊர் வழக்கு அதையெல்லாம் பார்ப்பதில்லை. இந்த அணிலின் எடை ஒரு கிலோவுக்குள்தான். ஆபத்தென்று தோன்றினால் பின்னங்காலில் நிமிர்ந்து, மாடு கட்ட அடித்த முளைக்குச்சி மாதிரி நிற்கும். வாலை வெட்டி வெட்டி ஆட்டும். விசிலடிக்கும். மார்ச்சில் பனி முழுக்கக் கரையும் முன்பே ஆண்கள் வளையை விட்டு வரும். இரண்டு வாரம் கழித்துப் பெண்கள். மே மாதம் குட்டிகள் மேலே வந்துவிடும், ஒரு வளைக்கு ஆறு ஏழு. ஜூலைக்குள் பெரிய ஆண்கள் மறுபடியும் தூங்கப் போய்விடும். வருடத்தில் எட்டு மாதம் உறக்கம். நம் ஊரில் இப்படி ஓர் உத்தியோகம் இருந்தால் நானே மனுப் போட்டிருப்பேன்.

நான் குடியிருக்கும் வீட்டை ஒட்டி 160 ஏக்கர். ஒரு சதுர மைலில் கால் பங்கு என்பதால் இங்கே அதைக் குவார்ட்டர் என்பார்கள். பாதி மேய்ச்சல், பாதி குதிரை மசால். பண்ணைக்காரர் எழுபது தாண்டியவர். முன்பெல்லாம் ஸ்ட்ரிக்னின் கலந்த தானியத்தை வளைக்குள் போடுவாராம். ஸ்ட்ரிக்னின் வேறொன்றுமில்லை, நம் எட்டிக்காயின் நஞ்சு. அதைத் தின்று செத்த கோஃபரைத் தின்னும் நரியும் பருந்தும் சேர்ந்து சாகும். 2020இல் கனடாவின் சுகாதாரத் துறை அந்த அனுமதியை ரத்துசெய்ய முடிவெடுத்தது. 2023 மார்ச்சோடு மீதமிருந்த சரக்கைப் பயன்படுத்துவதும் முடிந்தது. பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது. சுட முடியாது. மசால் வயலின் ஓரம் முழுக்க வழுக்கை விழுந்திருந்ததைக் காட்டி, நீ சுடுகிறாயா என்று கேட்டார்.

சரி என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் இங்கே சொன்னவுடன் சுட முடியாது. பாதுகாப்பு வகுப்பு, தேர்வு, உரிமத்துக்கு விண்ணப்பம். முதல்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 28 நாளும் எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்ததாக நினைத்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால் யோசித்தது வேறு. மன்னார்குடிப் பக்கத்து எங்கள் வயலில் ஒவ்வொரு சம்பாவுக்கும் எலி செத்தது. கொன்றவர் கிட்டி என்ற எலிப்பொறியை வைக்கும் கிட்டிக்காரர். அப்பா எலிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார். நான் அந்த நெல்லைத் தின்று படித்தேன். இவ்வளவு வருடமும் எனக்காக யாரோ கொன்றார்கள். இப்போது முதல்முறையாக அந்த வேலை என் கைக்கு வந்திருக்கிறது. வந்தால், அதை எதைக் கொண்டு செய்வது? கேள்வி துப்பாக்கியைப் பற்றியது போலத்தான் இருந்தது.

மனதில் மூன்று சொற்கள் இருந்தன: இலகு, துல்லியம், செமி ஆட்டோமேட்டிக். மூன்றும் ஒரே துப்பாக்கியில் வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடுபவை என்பது கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

தோட்டாவில் குழப்பமில்லை. .22 லாங் ரைஃபிள். 1887இல் இருந்து அதே தோட்டா. அடிப்பாகத்து விளிம்புக்குள் வெடிமருந்து. ஊசி அந்த விளிம்பைத் தட்டினால் வெடிக்கும், அதனால்தான் ரிம்ஃபயர். குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். மலிவு, சத்தம் குறைவு, தோளில் உதை இல்லை. துப்பாக்கிதான் குழப்பம். 1964இல் வந்த ரூகர் 10/22 கண்ணில் படாத கடை இல்லை; பத்துத் தோட்டா சுழலும் மேகசின், எடை ஐந்து பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ. பக்கத்தில் சாவேஜ் 64. ஒன்டாரியோவின் கோபர்க் ஊரில் இயங்கிய கூயி கம்பெனியின் பழைய வடிவத்திலிருந்து வந்தது என்பதால் இந்த ஊர்க்காரர்களுக்கு அதன் மேல் ஒரு சொந்தம். பழைய பிரௌனிங் ஒன்றும் இருந்தது. வெற்றுக் கூட்டைக் கீழ்ப்பக்கமாகத் துப்பும் அழகான பொருள், விலையும் அழகாக இருந்தது. பிறகு தடித்த குழல் வைத்த ரகங்கள். மூன்றரைக் கிலோ. மூட்டையில் சாய்த்துச் சுட்டால் ஆடாது, அசையாது. ஆனால் 160 ஏக்கரில் மேடும் பள்ளமும் நடந்து, படுத்து, எழுந்து, மறுபடி நடக்க வேண்டும். அதன் மேல் ஸ்கோப்பும் ஏறினால் நான்கு கிலோ. நான் நாற்பத்தாறு வயதுக்காரன். முழங்கால் ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டது.

இலகுவான துப்பாக்கியில் ஒரு சிக்கல். கையின் நடுக்கத்தையெல்லாம் அது அப்படியே குழலுக்கு அனுப்பும். செமி ஆட்டோமேட்டிக் இன்னொரு சிக்கல். சுடும்போது பின்னால் உதைக்கும் வேகமே வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும். பூட்டு என்று தனியாக எதுவும் இல்லை, போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான். வலுக்குறைந்த தோட்டா போட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். எல்லா வகைத் தோட்டாவும் நுழைய வேண்டும் என்பதால் தோட்டா அறையைக் கொஞ்சம் தளர்வாகவே செய்வார்கள். துல்லியத்தில் கொஞ்சம் அங்கேயே போய்விடும். கையால் போல்ட்டை இழுத்து மூடும் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. விசை வேறு. கடையிலிருந்து வரும் பல செமி ஆட்டோமேட்டிக்குகளில் விசையை இழுக்க ஐந்தாறு பவுண்டு பலம் கேட்கும். துப்பாக்கியின் எடையே ஐந்து பவுண்டுதான். அதைத் தூக்குகிற பலத்தை ஒற்றை விரலில் காட்டினால் எது ஆடாமல் இருக்கும்?

இவ்வளவும் தெரிந்துதான் ஐந்து பவுண்டு செமி ஆட்டோமேட்டிக்கை வாங்கினேன். ஏன் என்று உண்மையைச் சொல்ல வேண்டுமானால், பத்துத் தோட்டா இருக்கிறது என்ற தைரியம். ஒன்று தவறினால் இன்னொன்று.

துல்லியம் என்பதற்கு அந்த நிலம் கற்றுக்கொடுத்த அளவு இது. கோஃபரின் தலை ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. ஐம்பது கஜத்தில் ஐந்து குண்டும் ஓர் அங்குல வட்டத்துக்குள் விழாத துப்பாக்கியை அந்த மிருகத்தின் மேல் நீட்டக் கூடாது. ஒரே குழலில் ஒரு கம்பெனியின் தோட்டா அங்குலத்துக்குள் விழும், இன்னொன்று இரண்டு அங்குலத்துக்குச் சிதறும். காரணம் எனக்குத் தெரியாது, குழலின் வாய்க்குப் பிடித்த ருசி என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து விதம் வாங்கி அட்டையில் சுட்டுப் பார்த்தேன். வேகம் அதிகமென்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது படுமோசம். அது ஒலியை முந்திப் புறப்பட்டு நூறு கஜத்துக்குள் ஒலிக்குப் பின்தங்கும்; அந்த இடத்தில் தடுமாறும். கொஞ்சம் மெதுவான சாதாரண ரகமே ஒழுங்காக விழுந்தது. எல்லாவற்றுக்கும் மேல் காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று ஐம்பது கஜத்தில் குண்டை ஓர் அங்குலத்துக்கு மேல் தள்ளும். நூறு கஜத்தில் நாலைந்து அங்குலம். ஸ்விஃப்ட் கரன்ட்டில் 16 கிலோமீட்டர் காற்றைக் காற்று என்று யாரும் சொல்வதில்லை.

முதல் வசந்தத்தில் 500 தோட்டாப் பெட்டி இரண்டு மதியத்தில் தீர்ந்தது. பெரியவர் வேலியோரம் வந்து எத்தனை என்று கேட்பார். எழுபது என்பேன், தொண்ணூறு என்பேன். தலையாட்டுவார். இந்த மாகாணத்தில் அந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1917 மே 1 அன்று சஸ்காட்செவனின் பள்ளிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பி, ஒரே நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோஃபர்களைக் கொன்று கணக்கு எடுத்தார்கள். வாலை எண்ணிக் காசு கொடுத்த காலமும் இருந்தது. ரெஜைனா நகரத்துக் கனடிய ஃபுட்பால் அணியின் கோமாளிப் பொம்மையும் கோஃபர்தான், அதற்கும் இதே ஜனம்தான் கை தட்டுகிறது. எனக்கு எங்கள் கிட்டிக்காரர்தான் நினைவுக்கு வந்தார். அவரும் விடிகாலையில் வரப்பில் எலியை வரிசையாகப் போட்டு எண்ணிக் காட்டித்தான் காசு வாங்குவார்.

மூன்றாவது மதியம் அது நடந்தது. எழுபது கஜத்தில் ஒன்று நின்றது. காற்று இருந்தது. இருந்தாலும் பத்துத் தோட்டா இருந்தது. முதல் குண்டு வலப்பக்க மண்ணில் விழுந்தது, இரண்டாவதும். மூன்றாவது அதன் இடுப்பில். முன்னங்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு வளையை நோக்கிப் போனது. பதறி நான்கு, ஐந்து, ஆறு என்று இழுத்தேன், ஒன்றும் படவில்லை. ஏழாவது சிக்கிக்கொண்டது. கூட்டைப் பிடுங்கி எடுப்பதற்குள் அது உள்ளே போய்விட்டது. வளை வாயில் மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். உள்ளே இருந்து சத்தம் வந்தது. மண்வெட்டி கொண்டுவந்து முழங்கை ஆழம் வெட்டினேன். வளை கிளை பிரிந்தது. சத்தம் நின்றது. அன்று பெரியவர் கேட்டபோது எண்ணிக்கையைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய்த் தன் அப்பாவின் கூயியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒற்றைத் தோட்டா. போல்ட்டை மூடினாலும் சுடாது. பின்னால் இருக்கும் குமிழைத் தனியாக இழுத்தால்தான் தயாராகும்.

இரண்டு மாதம் அதைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு தோட்டா என்றால் ஊர்ந்து போகத் தோன்றும். அறுபது கஜம் நாற்பதாகும். காற்றடித்தால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒரு மதியத்துக்குப் பதினைந்து, இருபது. மசால் வயலுக்கு அது போதுமாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். கிட்டிக்காரர் எங்கள் வயலில் நாள் முழுக்க என்ன செய்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. வளையைப் பார்ப்பார், வாயில் புதுமண் இருக்கிறதா என்று தடவுவார், எலி வரும் தடம் எது என்று முடிவுசெய்து மூங்கில் வில்லை வளைப்பார். வில்லுக்கு ஒரே ஒரு அடிதான் உண்டு. அதை வீணாக்கினால் ராத்திரி முழுக்க வீண். இரண்டாவது வாய்ப்பு இல்லாதவன் யோசனையை முதலிலேயே செய்துவிடுகிறான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஒற்றைத் தோட்டாக் கட்சியில் சேர்ந்திருப்பேன். அந்தக் கட்சியில் கொஞ்சம் பெருமிதம் அதிகம், பார்த்திருப்பீர்கள். ஆனால் ஜூன் மாதம் கூயியால் சுட்டது ஒன்று காயத்தோடு துடித்தது. நாற்பது கஜம், காற்று இல்லை, நல்ல குறி. இருந்தும் கடைசி நொடியில் தலையைத் திருப்பிவிட்டது. போல்ட்டைத் திறந்து, கூட்டை எடுத்து, பையிலிருந்து தோட்டா எடுத்து, நுழைத்து, மூடி, குமிழை இழுத்து, மறுபடி கண்ணை வைப்பதற்குள் அதுவும் உள்ளே போய்விட்டது. செமி ஆட்டோமேட்டிக்காக இருந்திருந்தால் கன்னத்தை எடுக்காமல், கண்ணை எடுக்காமல், அரை நொடியில் முடித்திருப்பேன். தவறை இழுத்தடிக்காமல் முடித்து வைக்கும் அந்த ஒரு வேலைக்குத்தான் அந்தக் கருவியில் நியாயம் இருக்கிறது. முதல் வசந்தத்தில் நான் அதைத் தவறு செய்வதற்கான அனுமதியாக எடுத்துக்கொண்டேன். துப்பாக்கி அதேதான்.

ஆகவே பழையபடி ஐந்து பவுண்டு செமி ஆட்டோமேட்டிக். விசையைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து மூன்று பவுண்டுக்குக் கொண்டுவந்தேன். குழலை மாற்றுவதைவிட அந்தச் செலவு பத்து மடங்கு பயன். மேகசினில் பத்துக்கு இடமிருக்கிறது, இரண்டுதான் போடுகிறேன். இரண்டாவது, முதலாவது பட்டு முடியாமல் போனால் மட்டும். முதலாவது மண்ணில் விழுந்தால் இரண்டாவதைச் சுடுவதில்லை. அறுபது கஜத்துக்கு மேல் இல்லை. செத்ததைப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுகிறேன், ஏனென்றால் உடம்பில் தங்கும் ஈயத் துணுக்கு அதைத் தின்னும் பருந்தின் வயிற்றுக்குப் போகிறது. எட்டிக்காயை நிறுத்திவிட்டு ஈயத்தை ஊட்டுவதில் அர்த்தமில்லை. வடமேற்கு மூலையில் சுடுவதே இல்லை. அங்கே கைவிட்ட வளைகள் நிறைய. கனடாவில் அருகிவிட்ட வளை ஆந்தைகள் கோஃபரும் பேட்ஜரும் தோண்டிப் போட்ட வளைகளில்தான் கூடு வைக்கும். இதுவரை அந்த மூலைக்கு ஒன்றும் வரவில்லை. மூலையை விட்டுவைப்பதில் எனக்கு நஷ்டமும் இல்லை.

எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். பெயர் சொல்வதில்லை. ஐம்பது கஜத்தில் அங்குலத்துக்குள் விழும் தோட்டாவைக் கண்டுபிடிக்கும் பொறுமை இருக்கிறதா என்று கேட்கிறேன். இருக்கிறதென்றால் இலகுவானதை வாங்குங்கள், நடக்க உதவும்.

பெரியவர் இன்னமும் வேலியோரம் வந்து எத்தனை என்று கேட்கிறார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன், அதைப் பார்த்துச் சொல்வேன். போன வசந்தத்தின் கணக்கு: சுட்டது 288 தோட்டா. 500 பெட்டியில் 212 மீதம். காயத்தோடு வளைக்குள் போனவை நான்கு.